செஞ்சிக் குன்றும் விருந்தினர் விடுதியும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் பெருவழியில், விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சி என்னும் ஊர் அமைந்துள்ளது. ஊரை நெருங்குமுன்னரே மூன்று குன்றுகள் வழிச்செல்வோர் கண்ணுக்குத் தோன்றும். பெரும்பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக யாரோ அடுக்கிவைத்தாற்போன்ற தோற்றம் உடையவை அவை. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்பன அவற்றின் பெயர்கள். இவற்றுள் உயர்ந்ததாகிய இராசகிரி சமவெளியினின்று ஏறத்தாழ 800 அடி உயரம் உடையது. மூன்று குன்றுகளையும் ஒருங்கே வளைத்து 13 கிலோமீட்டர் அளவுக்கு மதில் ஓடுகின்றது. கோனார், நாயக்கர், பீசப்பூர்ச் சுல்தான்கள், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலரும் இக்கோட்டைக்கு உரிமை கொண்டாடினர். இன்று அதனை ஆள்வோர் குரங்குகளும் ஆந்தைகளும் வௌவால்களுமே என்று விளையாட்டாகச் சொல்வதுண்டு. அச்சொல்லில் உண்மையும் உண்டு.

2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பாரிசு நகரில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு, மராட்டியரின் படையரண்கள் பன்னிரண்டினை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது. அவற்றுள் பதினொன்று மகாராட்டிர மாநிலத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று செஞ்சி. சிவாசி 1677ஆம் ஆண்டில் கைப்பற்றிய கோட்டை என்னும் முறையில் அதற்கு இவ்விடம் கிடைத்தது. பெருமை வந்தது, பெருமையைப் பின்தொடர்ந்து மக்களும் வருவர். வருவோர் எங்கே தங்குவர்? எத்தகைய விடுதியில் தங்குவர்? இவ்வினா செஞ்சியின் எதிர்காலத்தையே தொட்டு நிற்பது.

விடுதி வேண்டுவதே இல்லை, காலையில் வந்து மாலையில் திரும்பினால் ஊர் கெடாது என்று கூறுவாரும் உளர். அவர்கள் கூற்றைச் சற்று ஆராய்தல் நலம். ஒரே நாளில் வந்து போகின்றவன் பெரும்பாலும் நண்பகல் வெயிலில் பாறைப் படிகளில் ஏறுகின்றான். வெப்பம் தாங்காமல் புட்டி புட்டியாக நீர் அருந்துகின்றான். வெறும் புட்டிகளை மதிலோரத்தில் எறிகின்றான். கையிலிருந்த தின்பண்டத்தைக் குரங்குக்குக் கொடுக்கின்றான் அல்லது பறிகொடுக்கின்றான். பொழுது சாயுமுன் பேருந்து ஏறிவிடுகின்றான். ஊருக்கு அவனால் கிடைப்பது சிறு காசு, எஞ்சுவது பெருங்குப்பை. ஓர் இரவு தங்குகின்றவனோ காலை இளவெயிலில் மலையேறலாம்; நெற்களஞ்சியத்தையும் கல்யாண மகாலையும் நின்று நிதானித்துக் காணலாம்; மாலையில் ஊருக்குள் நடந்து கடைகளில் பொருள் வாங்கலாம். ஆதலால் விடுதி வேண்டும். ஆனால், விருந்தினரை வரவேற்கும் அவ்விடுதி, தானும் அக்குன்றுகளுக்கும் அவ்வூருக்கும் வந்த விருந்தினனே என்பதை மறவாதிருத்தல் வேண்டும். விருந்தினன் வீட்டுக் குடத்து நீரை முழுவதும் குடித்துத் தீர்ப்பானோ? வீட்டார் உறங்கும் நேரத்தில் விளக்கேற்றிக் கூச்சலிடுவானோ?

வழிப்போக்கருக்கு இடமளிக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. ஊர்தோறும் சாவடிகளும் சத்திரங்களும் இருந்தன. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரத்தநாட்டில் முத்தம்மாள் பெயரால் அமைத்த சத்திரம் புகழ் பெற்றது. வழிச்செல்வோருக்குச் சோறும் நோயுற்றோருக்கு மருந்தும் சிறுவர்க்குக் கல்வியும் அங்கே கிடைத்தன. சத்திரம் இருந்தமையால் ஊர் செழித்தது. ஊர் குறைபட்டுச் சத்திரம் வாழவில்லை. இக்காலத்து விடுதி வாணிகத்தின் பொருட்டு நடப்பது. அறச்சாலையைப்போல அது நடக்கவேண்டும் என எதிர்பார்த்தல் பொருந்தாது. ஆயினும் ஊரின் முதலை அழிக்கும் வாணிகம் நெடுநாள் நில்லாது என்பது வாணிகர்க்கே நன்கு தெரியும்.

முதற்கண் இடம் பற்றிய செய்தி. 2010ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற தொல்பொருட் சின்னங்கள் சட்டத்தின்படி, காக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் எழுப்புதல் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை முன்னிசைவு பெற்றே கட்டவேண்டும். சட்டம் கூறுவது இவ்வளவே. அதற்கு மேலும் விலகி நிற்றல் நல்லது என்பதற்கு இலங்கையில் ஒரு சான்று உண்டு. சிகிரியாக் குன்றும் செஞ்சியைப் போலவே பாறைமேல் எழுந்த அரண். அதுவும் உலகப் பாரம்பரியச் சின்னம். அதன் அருகே விடுதி ஒன்று கட்டுமாறு சேபரி பாவா என்னும் கட்டடக் கலைஞரை ஒரு நிறுவனத்தார் வேண்டினர். குன்றின் அடியில் காட்டிய இடத்தை அவர் ஏற்கவில்லை. பல கிலோமீட்டர் விலகி, தம்புள்ளைக்கு அண்மையில், கண்டலமை ஏரிக்கரையில் உள்ள மலைச்சரிவைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்து நோக்கினால் ஏரிக்கு அப்பால் சிகிரியா தொலைவில் தெரியும். சரிவில் வழியும் மழைநீர் தடைப்படாதவாறு கட்டடம் தூண்களின்மேல் உயர்த்தப்பட்டது. கூரையிலும் முகப்பிலும் செடிகொடிகள் படர விடப்பட்டன. இன்று அவ்விடுதியைத் தொலைவிலிருந்து காண்போர் காடு என்றே கருதுவர்.

அவ்விடுதி எதிர்ப்பின்றி எழவில்லை என்பதும் நினைக்கத்தக்கது. 1990களின் தொடக்கத்தில் பௌத்தத் துறவியரும் சுற்றுப்புற மக்களும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். விடுதியின் கழிவுநீர் ஏரியில் கலந்து வயலையும் குடிநீரையும் கெடுக்கும் என்பது அவர்கள் அச்சம். விடுதியார் கழிவுநீரைத் தூய்மை செய்து தோட்டத்திற்குப் பாய்ச்சும் ஏற்பாட்டைச் செய்தனர். பிற்காலத்தில் அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றத்தின் சான்றையும் அவ்விடுதி பெற்றது. எதிர்த்துப் பேசியோர் விடுதிக்குப் பகைவர் ஆகவில்லை. ஒரு வகையில் காவலர் ஆயினர். செஞ்சியில் விடுதி கட்ட நினைப்போர் ஊராரின் வினாக்களைத் தொல்லை எனக் கருதாமல், அடித்தளம் தோண்டுமுன்னரே ஊர்க்கூட்டத்தில் சென்று கேட்டுக்கொள்வது அறிவுடைமை.

கட்டும் பொருள் பற்றியும் ஒரு சொல். தென்னிந்தியாவின் பாறைக்குன்றுகளில், புதர்கள் செறிந்த சரிவுகளில், மஞ்சள்தொண்டைச் சின்னான் என்னும் பறவை வாழ்கின்றது. உலகில் வேறெங்கும் அதனைக் காண இயலாது. அதன் வாழ்விடத்தை அழிப்பவற்றுள் கல்லுடைக்கும் தொழில் முதன்மையானது. குன்றுகளின் அழகைக் காட்டிப் பொருளீட்ட விரும்பும் விடுதி, வேறொரு குன்றை வெட்டி மெருகேற்றிய பளபளப்பான கல்லைத் தரை முழுதும் பதிப்பது முரண்பாடு அன்றோ? செங்கல், சுண்ணாம்பு, ஓடு, இடிந்த பழைய வீடுகளின் தேக்கு ஆகியவை இப்பகுதிக்கு ஏற்றவை. தடித்த சுவரும் தாழ்வாரமும் உடைய வீட்டில் மின்விசிறியே பெரும்பாலான நாள்களுக்குப் போதும்.

இனி, எல்லாவற்றினும் தலையாயது நீர். செஞ்சிக் கோட்டையைக் கட்டினோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். பாறைமேல் விழும் மழைநீர் வீணாகாமல் சுனைகளிலும் குளங்களிலும் தேங்குமாறு செய்தனர். செட்டிகுளமும் சக்கரகுளமும் இன்றும் காண்போர் கருத்தைக் கவர்வன. கல்யாண மகாலின் மேல்நிலைகளுக்கு மண்குழாய்கள் வழியாக நீர் ஏறியது. 1690 முதல் 1698 வரை மொகலாயப் பெரும்படை இக்கோட்டையை முற்றுகையிட்டது. மதிலும் அகழியும் மட்டும் இருந்து நீர் இல்லாதிருந்தால், எட்டு ஆண்டுகள் அல்ல, எட்டு வாரங்கள்கூட உள்ளிருந்தோர் தாக்குப்பிடித்திரார். மன்னரும் படையும் மழையை நம்பி வாழ்ந்த அதே இடத்தில், இன்று விடுதி கட்டுவோர் முதலில் தேடுவது ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியை!

செஞ்சிப் பகுதி கடும்பாறை நிலம். நிலத்தடி நீர் பாறையின் வெடிப்புகளில் மட்டுமே தங்கும். ஒருவர் நூற்றுக்கணக்கான அடி துளைத்து நீரை உறிஞ்சினால், அதே வெடிப்பை நம்பியிருக்கும் பக்கத்து உழவரின் கிணறு கோடையில் வற்றும். நெல்லும் மல்லாட்டையும் பயிரிட்டு வாழும் உழவருக்கு அதனினும் பெரிய இழப்பு வேறில்லை.

கணக்கிட்டுப் பார்ப்போர்க்கு உண்மை விளங்கும். இருபது அறைகளும் நாற்பது படுக்கைகளும் உடைய சிறு விடுதி ஒன்றனைக் கொள்க. விடுதிகளில் ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் நீர் வேண்டும் என்பது இந்திய அளவைநூலார் வகுத்த கணக்கு. அதன்படி ஒரு நாளைக்கு 7,200 லிட்டர்; எல்லா அறைகளும் நிறைந்திருப்பின் ஆண்டுக்கு 26 இலட்சம் லிட்டருக்கும் மேல். இப்பகுதியில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர். 500 சதுர மீட்டர் கூரையில் விழும் மழை 5 இலட்சம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வழியிலும் வெயிலிலும் கழிந்தாலும் 4 இலட்சம் லிட்டரைத் தொட்டியில் சேர்க்கலாம். அது ஐம்பத்தைந்து நாள்களுக்குப் போதும். எஞ்சிய முந்நூற்றுப் பத்து நாள்களுக்கு?

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே மழைநீர்ச் சேமிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் ஆக்கப்பட்டது. ஒரு குழாயும் ஒரு குழியும் அமைத்துவிட்டுக் கடமை முடிந்தது என எண்ணுவோர் பலர். சேமிப்பது ஒரு பாதி. செலவைக் குறைப்பது மறுபாதி. குளித்த நீரையும் துணி துவைத்த நீரையும் சரளைக்கல்லும் கல்வாழையும் கோரையும் உள்ள பாத்தி வழியே செலுத்தினால், அது தெளிந்து தோட்டத்திற்கும் கழிப்பறைக்கும் பயன்படும். வாளியும் குவளையும் கொண்டு குளிப்பவர்க்கு இருபது லிட்டர் போதும். பூவாளிக் குழாயின் கீழ்ப் பத்து நிமிடம் நிற்பவர்க்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். படுக்கை விரிப்பை நாள்தோறும் துவைப்பது தூய்மைக்காக அல்ல, வழக்கத்திற்காகவே நடைபெறுகின்றது. நீச்சல்குளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டா. பத்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் ஏறக்குறைய நாலடி ஆழமும் உடைய சிறு குளத்திற்கே 60,000 லிட்டர் நீர் தேவை. அது அவ்விடுதியின் விருந்தினர் அனைவரும் எட்டு நாள் பயன்படுத்தும் அளவு. சுற்றிலும் உழவர் மேகத்தைப் பார்த்து நிற்கையில், நீல ஓடு பதித்த தொட்டியில் நீரை வெயிலுக்குக் காட்டி வைத்தல் செஞ்சிக்கு ஒவ்வாது.

அடுத்து வனவிலங்குகளைப் பற்றிய கருத்து. விலங்குகளுக்கு உதவுதல் என்றவுடன் அவற்றுக்கு உணவளித்தல் என்றே பலர் நினைக்கின்றனர். விடுதியின் வாயிலில் குரங்குகள் வந்து பழம் வாங்கித் தின்பது விருந்தினர்க்கு வேடிக்கையாகவும் இருக்கும். இரக்கத்தாலேயே அவ்வாறு கொடுப்போர் உளர். அவர்களைக் குறை கூறுதல் எளிதன்று. ஆயினும் விளைவைக் கருதுதல் வேண்டும். செஞ்சிக் கோட்டையில் வாழ்பவை நாட்டுக் குரங்குகள். தென்னிந்தியாவுக்கே உரிய இவ்வினத்தை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவை நோக்கிச் செல்லக்கூடிய இனங்களுள் ஒன்றாகக் குறித்துள்ளது. தளிரும் காயும் பூச்சியும் தேடி நாள் முழுதும் அலைவது அவற்றின் இயல்பு. மனிதர் கையிலிருந்து பிசுக்கோத்து வாங்கப் பழகிய குரங்கு தேடுவதை விடுகின்றது, கொடாவிடின் பறிக்கின்றது, தடுத்தால் கடிக்கின்றது. பின்னர் ஊரார் அதனைப் பிடித்து எங்கேனும் கொண்டுபோய் விடுமாறு முறையிடுகின்றனர். அன்பில் தொடங்கியது கூண்டில் முடிகின்றது.

கண்டலமை விடுதியிலும் குரங்குகள் முகப்புவரை வருவதுண்டு. அங்கே விருந்தினர்க்குக் கூறப்படும் அறிவுரை, அறைக்கதவைத் தாழிட்டு வையுங்கள் என்பதே. செஞ்சி விடுதியாரும் அதனையே பின்பற்றலாம். சமையலறைக் கழிவை மூடியிட்ட தொட்டிகளில் சேர்த்து, மக்கவைத்து உரமாக்குதலும் எரிவாயு எடுத்தலும் கடினமான செயல்கள் அல்ல. எச்சில் இலை வெளியே கிடந்தால் குரங்கு மட்டுமன்றித் தெருநாய்களும் பெருகும். அந்நாய்கள் இரவில் குன்றோரம் சென்று முயலையும் மயில்குஞ்சையும் துரத்தும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019ஆம் ஆண்டுத் தொடக்கம் முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. ஆயினும் குடிநீர்ப் புட்டிகள் ஒழிந்தபாடில்லை. மலையேறப் புறப்படும் விருந்தினர்க்கு எவர்சில்வர்க் குடுவையில் காய்ச்சி ஆறவைத்த நீரை நிரப்பித் தருவதற்கு விடுதிக்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

இரவும் விலங்குகளின் உடைமையே. பாறை இடுக்குகளில் வாழும் கொம்பன் ஆந்தையும் பழைய மண்டபங்களில் தொங்கும் வௌவாலும் இருளை நம்பி இரைதேடுகின்றன. வௌவால்களுள் பல வயற்பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவுவன. வான்நோக்கி வீசும் வெள்ளொளி விளக்குகள் பூச்சிகளை இழுத்து வீணே மாய்த்து, இவற்றின் வாழ்வைக் குலைக்கும். தரையை மட்டும் காட்டும் மங்கலான மஞ்சள் விளக்கு நடைபாதைக்குப் போதும். பத்து மணிக்குமேல் அதுவும் வேண்டா. திருமண விருந்துகளில் வெடிக்கும் வாணங்களையும் அலறும் ஒலிபெருக்கிகளையும் விடுதியார் மறுக்கலாமா, வருவாய் குறையாதா என்னும் கேள்வி எழும். குறையக்கூடும். ஆனால் வேடந்தாங்கல் ஊரார் ஏரிக்கு வரும் பறவைகளின் பொருட்டுத் தீபாவளி நாளிலும் வெடி வெடிப்பதில்லை. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்களும் அவ்வாறே. ஆண்டுக்கு ஒருமுறை வரும் மகிழ்ச்சியை ஏழை எளிய சிற்றூர்ச் சிறுவர் விட்டுக்கொடுக்கின்றனர் எனின், விடுதிக்காரர் விட்டுக்கொடுக்கலாகாதா?

தோட்டத்தைப் பொறுத்தவரை, புல்வெளிக்கு நீர் இறைத்துக் கொண்டிருப்பதை விடுத்து, இம்மண்ணுக்குரிய உசிலும் வெட்பாலையும் நுணாவும் காரையும் களாவும் வைத்தால் போதும். சோழமண்டலக் கரையில் ஒருகாலத்தில் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காடு இன்று பெரும்பாலும் புத்துப்பட்டு ஐயனார் கோயிலைப் போன்ற தெய்வக்காடுகளிலேயே எஞ்சியுள்ளது. 1968ஆம் ஆண்டில் தோன்றிய ஆரோவில்லில் செம்மண் அரித்துக் கிடந்த வெறுநிலத்தில், அத்தகைய மரங்களை நட்டு மீண்டும் காடு வளர்த்துக் காட்டியுள்ளனர். செஞ்சியிலிருந்து அவ்விடங்கள் நெடுந்தொலைவு அல்ல. சென்று கண்டு நாற்றும் விதையும் பற்றிக் கேட்டறியலாம்.

இவ்வளவும் செய்யினும் ஊராருக்கு வருவாய் இல்லையேல் எல்லாம் வெறும் ஒப்பனையே. தேக்கடியில் நடந்ததை நோக்குக. பெரியாற்றுக் காட்டில் களவாக வயணப்பட்டை உரித்துப் பிழைத்த 23 பேர், 1990களின் இறுதியில் வனத்துறையாருடன் உடன்பட்டு, அத்தொழிலை விட்டனர். காட்டின் மூலைமுடுக்கெல்லாம் அறிந்த அவர்களே பயணிகளை அழைத்துச் சென்று காட்டும் வழிகாட்டிகளாகவும் காவலராகவும் மாறினர். காட்டை அழித்த கை காட்டைக் காத்தது. அதற்குக் காரணம் போதனை மட்டும் அன்று, மாதந்தோறும் கிடைத்த வருமானமும் ஆகும். செஞ்சியிலும் ஆடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் குன்றின் ஒவ்வொரு பாறையையும் பெயர் சொல்லி அறிந்தவர் இருப்பர். அவர் மகனோ மகளோ விடுதியில் பாத்திரம் துலக்கும் வேலைக்கு மட்டும் அமர்த்தப்பட்டு, சென்னையிலிருந்து வந்தவர் வழிகாட்டியாவது முறையன்று. அரிசியும் மல்லாட்டை எண்ணெயும் கேழ்வரகும் கீரையும் செஞ்சிச் சந்தையிலேயே கிடைக்கும்போது அவற்றை வெளியூரிலிருந்து வரவழைப்பதும் முறையன்று.

இவையெல்லாம் செல்வர் தங்கும் விடுதிக்கே இயலும், திருவண்ணாமலைக் கிரிவலத்திற்குச் செல்வோர் தங்கும் எளிய விடுதிக்கு இயலாது என்பர் சிலர். கூர்ந்து நோக்கின் உண்மை மாறாக உள்ளது. வாளியில் குளித்தல், மின்விசிறியின்கீழ் உறங்குதல், இலையில் உண்ணுதல், பானைநீர் அருந்துதல் ஆகியவை எளிய விடுதிகளில் இன்றும் இயல்பாக நடப்பவை. புதிதாக வேண்டுவன மழைநீர்த் தொட்டியும் கழிவுநீர்ப் பாத்தியுமே. நீச்சல்குளமும் ஒளிவெள்ளமும் குளிரூட்டிய கூடமும் விரும்புவோர்க்கே இவ்வொழுங்கு கடினமாகத் தோன்றும்.

விடுதி கட்ட முனைவோர் செய்யத்தக்க முதல் வேலை கல் வாங்குவதன்று. சித்திரை மாதத்தில், அண்டை நிலத்துக் கிணறுகளுக்குச் சென்று, உரியவர் இசைவுடன், கயிற்றில் கல் கட்டி இறக்கி நீர்மட்டத்தை அளந்து, ஒரு குறிப்பேட்டில் எழுதி, அதன்கீழ் அவ்வுழவரின் கையொப்பத்தையும் பெற்று வைத்தல் வேண்டும். ஐந்து ஆண்டுகள் கழித்து அதே மாதத்தில் அதே கிணறுகளை அதே உழவர் முன்னிலையில் மீண்டும் அளந்து பார்க்கலாம்.